குறைந்த செலவில் ஸ்பாட் மீட்டர்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கேள்வி கேட்டவரிடம் ஒளியை அளக்கும் மீட்டர் இல்லாத பழைய மீடியம் ஃபார்மட் கேமரா ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும், எப்போதாவது ஸ்லைடு ஃபிலிமும் போட்டு நிலக்காட்சிகளையும் கட்டடங்களையும் எடுக்கிறார். அதிகம் செலவழிக்க இயலாத நிலையில், காட்சியின் ஒரு சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் 1 டிகிரி கோணமுள்ளதையே வாங்கியே தீர வேண்டுமா, பழைய மாடல்களில் எதை நம்பலாம், கைப்பேசிச் செயலி போதாதா என்பவை அவருடைய மூன்று ஐயங்கள். விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது கோணம்தான் என்றாலும், மலிவாக வாங்கும் மீட்டர் பயன்படுமா படாதா என்பதைப் பெரும்பாலும் அதன் பேட்டரியும், மங்கல் வெளிச்சத்திலும் வெயிலிலும் அது ஒரே சீராக அளக்கிறதா என்பதுமே தீர்மானிக்கின்றன. இந்தப் பதிலும் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

கோணத்தின் கணக்கு எளிது. 10 மீட்டர் தொலைவில் நின்று பார்க்கும்போது 1 டிகிரி மீட்டர் ஏறத்தாழ 17 செ.மீ. அகலமுள்ள வட்டத்தை, அதாவது ஒரு மனித முகத்தை, அளக்கும். 5 டிகிரி மீட்டர் அதே தொலைவில் 87 செ.மீ. அகலத்தையும், 30 டிகிரி கோணமுள்ள சாதாரணக் கை மீட்டர் 5 மீட்டருக்கும் மேலான அகலத்தையும் அளக்கும். அளக்க வேண்டிய பொருளின் அருகே நடந்து போக முடியுமானால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். சாதாரண மீட்டரையே சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நம் நிழல் விழாமல் பிடித்தால் அதுவும் ஸ்பாட் மீட்டர்தான். ஆற்றின் மறுகரை, கோபுரத்தின் மேல்நிலை, மேடையில் நிற்கும் நடிகர், எதிர் மலைச்சரிவு போன்ற போக முடியாத இடங்களுக்குத்தான் குறுகிய கோணம் வேண்டியிருக்கிறது.

ஆகவே எடுப்பது பெரும்பாலும் மனிதர்களை, அதுவும் அருகிலிருந்து என்றால், ஸ்பாட் மீட்டருக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வெள்ளைக் குமிழ் வைத்த, பொருளின் மீது விழும் ஒளியை அளக்கும் மீட்டர் அதைவிட மலிவு. அந்த வேலையில் தவறும் குறைவு. வண்ண நெகட்டிவ் மட்டும் போடுபவர்களுக்கும் அவசரமில்லை, ஏனென்றால் அந்த ஃபிலிம் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பதோ பாதியாவதோ) கூடுதல் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு ஃபிலிமோ ஏறத்தாழ ஐந்து ஸ்டாப் வீச்சுக்குள் மொத்தக் காட்சியையும் அடக்கச் சொல்வது. கறுப்பு வெள்ளையில் டெவலப் செய்யும் நேரத்தை நாமே கூட்டிக் குறைப்பதாக இருந்தால், நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே எத்தனை ஸ்டாப் என்று தெரிந்தாக வேண்டும். கேள்வி கேட்டவர் இந்த இரண்டையும் செய்பவர் என்பதால் அவருக்கு ஸ்பாட் மீட்டர் தேவை என்றே சொல்வேன்.

அது என்ன செய்து தருகிறது என்பதை ஒரு காட்சியில் பார்க்கலாம். பழைய வீட்டின் கூடத்திலிருந்து முற்றத்தை நோக்கி எடுக்கிறோம், ஃபிலிமின் ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100. கரிய மரக்கதவை அளந்தால் ஈ.வி. 6 வருகிறது (ஈ.வி. என்பது வெளிச்சத்தின் அளவெண், ஒன்று கூடினால் ஒரு ஸ்டாப் கூடுதல்). ஜன்னல் வெளிச்சம் படும் சுண்ணாம்புச் சுவர் 10 காட்டுகிறது. வெயில் விழும் முற்றத்துத் தரை 15. அகலக் கோண மீட்டரைக் கதவும் முற்றமும் சேர்ந்து தெரியும்படி நீட்டினால் 12 என்று சொல்லக்கூடும். அதை நம்பி எடுத்தால் கதவு நடுச் சாம்பலுக்கு ஆறு ஸ்டாப் கீழே விழுந்து நெகட்டிவில் வெற்றுத் தெளிவாகவே இருக்கும். ஸ்பாட் மீட்டர் கையில் இருந்தால், மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்பதற்காகக் கதவை மூன்றாம் ஸோனில் வைக்கிறோம். ஸோன் என்பது கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு ஸ்டாப்புக்கு ஒன்றாக எண்ணிட்ட படி. மீட்டர் சொன்னபடியே எடுத்தால் அளந்த பொருள் நடுச் சாம்பலான ஐந்தாம் ஸோனில் விழும். அதாவது மீட்டர் சொன்னதைவிட இரண்டு ஸ்டாப் குறைத்து ஈ.வி. 8, எஃப்/8-இல் 1/4 நொடி. சுவர் தானாக ஏழாம் ஸோனில், வெண்மையும் சொரசொரப்பும் கெடாமல் அமர்கிறது. முற்றம் பன்னிரண்டில், எட்டாத உயரத்தில் போய்விடுகிறது. டெவலப்பரில் எவ்வளவு குறைத்தாலும் அதைக் கீழே இறக்குவது கடினம். வெயில் முற்றத்தை விட்டு விலகும்வரை காத்திருப்பதே வழி. இந்த முடிவை ஷட்டரை அழுத்தும் முன்பே எடுக்க முடிவதற்காகத்தான் அந்தக் கருவிக்குப் பணம் கொடுக்கிறோம்.

ஒரு பொருளின் பிரகாசம் தெரிந்தால் மற்றவை அதைச் சுற்றி அமையும் என்ற இந்தச் சிந்தனைக்கு, மீட்டரே இல்லாமல் நடந்த புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1941-இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் சிற்றூரில் நிலவெழுந்த காட்சியை எடுக்க முனைந்தபோது அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் அன்ஸல் ஆடம்ஸுக்குத் தம் மீட்டர் கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் நினைவில் இருந்தது. அதை ஏழாம் ஸோனில் வைத்துக் கணக்கிட்டார். அவர் மனத்தில் செய்ததையே நாம் மீட்டரில் கண்ணை வைத்துச் செய்கிறோம்.

வாங்கும் முன், கையில் இருப்பதைப் பாருங்கள். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா இருந்தால் ஸ்பாட் மீட்டரும் இருக்கிறது என்று பொருள். பல கேமராக்களில் அந்த ஸ்பாட் வட்டம் சென்ஸார் மீது ஏறத்தாழ 4 மி.மீ. அகலம் கொண்டது. 50 மி.மீ. லென்ஸில் அது சுமார் நாலரை டிகிரி, 200 மி.மீ. லென்ஸை மாட்டினால் ஒரு டிகிரியைச் சற்றே தாண்டும். ஐ.எஸ்.ஓ.-வை ஃபிலிமுக்குச் சமமாக வைத்து, மேனுவல் முறையில், லென்ஸை எஃப்/5.6 அல்லது எஃப்/8-இல் நிறுத்தி அளந்தால், தனி மீட்டருக்கும் அதற்கும் வேறுபாடு பெரும்பாலும் மூன்றில் ஒரு ஸ்டாப் அளவிலேயே நிற்கும். எடை கூடுகிறது, வேகம் குறைகிறது என்பவைதான் இடையூறு. ஆறு மாதம் இப்படி அளந்து பழகிய பிறகு தனி மீட்டர் வேண்டுமா என்று முடிவு செய்பவர் தவறாக வாங்குவதில்லை.

ஃபிலிம் எஸ்.எல்.ஆர். கேமராக்களிலும் இந்த வேலைக்குத் தக்கவை உண்டு. 1983-இல் வந்த ஒலிம்பஸ் ஓ.எம்.-4 எட்டு இடங்கள் வரை தனித்தனியே அளந்து நினைவில் வைத்துச் சராசரி காட்டும். நிழல், வெளிச்சம் என்று இரு பொத்தான்களும் அதில் உண்டு. 1986-இன் கேனன் டி-90-இலும் பல இடங்களை அளக்கும் வசதி இருக்கிறது. பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் என்ற பெயரைப் பார்த்து மட்டும் ஏமாற வேண்டாம்: 1960-இல் காட்டப்பட்ட மாதிரியில் ஸ்பாட் அளவீடு இருந்தது, 1964-இல் கடைக்கு வந்த கேமராவோ முழுச் சட்டகத்தின் சராசரியையே அளந்தது; பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கைப்பேசிச் செயலிகளை இகழ்வது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் அப்படி நினைக்கவில்லை. பகல் வெளிச்சத்தில், மிதமான வேறுபாடுள்ள காட்சியில், அவை நன்றாகவே அளக்கின்றன. கோளாறு வருவது இரண்டு இடங்களில். வானம் சட்டகத்தில் நுழைந்ததும், விரல் ரேகை படிந்த அந்தச் சிறு லென்ஸில் ஒளி சிதறி நிழல்களை உயர்த்திக் காட்டும். ஆகவே துல்லியம் மிகவும் தேவைப்படும் நிழல் அளவீட்டிலேயே அது பிழைக்கும். மங்கிய மாலையில் சென்ஸார் தன் எல்லையைத் தொட்டதும் எண் நிலைகொள்ளாது. லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு, பகலில் மட்டும் நம்பி, சுதந்திரமாகப் பயன்படுத்துங்கள்.

இனி பழைய மீட்டர்கள். மலிவு என்ற சொல்லுக்கு இங்கே பொருள், புதிதாகக் கிடைக்கும் ஸ்பாட் மீட்டரின் விலையில் ஒரு பகுதிக்குக் கிடைப்பது என்பதே. இந்த வரிசையில் நான் முதலில் நிறுத்துவது பென்டாக்ஸ் ஸ்பாட்மீட்டர் 5. பெயரில் ரோமன் எண் இருப்பதால் பலர் 'வி' என்றே சொல்வார்கள். துப்பாக்கி போன்ற பிடி, கண்ணில் வைத்தால் உள்ளே அளவுகோலும் முள்ளும், நடுவில் 1 டிகிரி வட்டம். மூன்று எஸ்.ஆர். 44 வில்லை பேட்டரிகளில் ஓடும். அவை இன்றும் எங்கும் கிடைப்பவை. முள் காட்டும் ஈ.வி. எண்ணை லென்ஸ் குழலில் இருக்கும் வளையத்தில் பொருத்தியதும், துளைக்கும் வேகத்துக்குமான எல்லா இணைகளும் ஒரே பார்வையில் தெரியும். ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று முதல் எட்டு வரை ஸோன்களை எழுதி, ஒரு ஸ்டாப்புக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் வளையத்தில் ஒட்டிக்கொள்வது ஸோன் முறைக்காரர்களின் பழைய வழக்கம். கதவை மூன்றில் வைத்ததும் சுவர் எங்கே விழுகிறது என்பதை மனக்கணக்கு இல்லாமல் அந்தக் காகிதமே சொல்லிவிடும். இந்த வசதிக்கு ஈடாக எந்த எல்.சி.டி. திரையையும் நான் கண்டதில்லை.

அதன் பின்வந்த பென்டாக்ஸ் டிஜிட்டல் ஸ்பாட்மீட்டர் இன்னும் சிறியது. முள்ளுக்குப் பதில் சிவப்பு எண்களாக ஈ.வி. தெரியும், மூன்றில் ஒரு ஸ்டாப் என்பதைப் புள்ளிகளால் காட்டும். 6 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். ஸோன் முறைக்காரர்கள் இன்றும் விரும்பித் தேடுவதால் இது மலிவாக அகப்படுவது அரிது. புகைப்படக்காரர் ஃப்ரெட் பிக்கரின் ஸோன் 6 ஸ்டூடியோஸ் நிறுவனம் இந்த இரண்டு பென்டாக்ஸ் மீட்டர்களையும் மாற்றியமைத்து விற்றது: உட்சிதறலைக் குறைக்கத் தடுப்புகளும், அகச்சிவப்பு ஒளியைத் தடுக்க ஃபில்டர்களும் சேர்க்கப்பட்டன. பச்சை இலைகளை அதிகம் எடுப்பவருக்கு அந்தத் திருத்தத்தில் பயன் உண்டு. மற்றவர்கள் அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

மினோல்டா ஸ்பாட்மீட்டர் எஃப் நல்ல கருவி. ஒரே ஒரு ஏ.ஏ. பேட்டரியில் ஓடும், ஃபிளாஷையும் அளக்கும், நிழல், வெளிச்சம், சராசரி என மூன்று பொத்தான்கள் கொண்டது. அதன் முன்னோடியான எம் மாடலில் ஃபிளாஷ் வசதி கிடையாது. இவற்றில் நான் அஞ்சுவது எல்.சி.டி. திரையைத்தான். வயது ஏற ஏற எண்கள் வெளிறும், ஓரங்களில் கருமை பரவும். மாற்றுத் திரை கிடைப்பது குதிரைக் கொம்பு. திரையின் தெளிவான புகைப்படம் இல்லாமல் வாங்கவே வேண்டாம். சோலிகர் ஸ்பாட் சென்ஸார், பென்டாக்ஸைப் போன்ற 1 டிகிரி முள் மீட்டர். கட்டமைப்பில் ஒரு படி கீழே, விலையிலும் பெரும்பாலும் அப்படியே. சீராக அளக்கும் ஒன்று கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். செகானிக் எல்-508, 1 முதல் 4 டிகிரி வரை ஸூம் செய்யும் ஸ்பாட்டையும் வெள்ளைக் குமிழையும் ஒரே உடலில் வைத்தது. ஒரே மீட்டர் எல்லாவற்றுக்கும் வேண்டும் என்பவருக்கு, அதன் பின்வந்த எல்-558, எல்-758 ஆகியவற்றைவிடக் குறைந்த செலவில் கிடைக்கக்கூடிய வழி அது.

கோஸன் லூனாசிக்ஸ் அல்லது லூனா-ப்ரோ மீட்டரின் முன்னால் மாட்டும் தொலைநோக்கி இணைப்பைச் சிலர் மலிவான ஸ்பாட் மீட்டர் என்று பரிந்துரைப்பார்கள். அது கோணத்தை 15 அல்லது 7.5 டிகிரிக்குக் குறைக்கிறது, அவ்வளவுதான். மீட்டர் ஏற்கெனவே இருந்தால் இணைப்பை வாங்கலாம். ஸ்பாட் மீட்டர் வேண்டும் என்பதற்காக இரண்டையும் சேர்த்து வாங்குவதில் பொருளில்லை.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1960-களின் மீட்டர்கள் பலவும் காட்மியம் சல்பைடு செல்லையும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியையும் நம்பியவை. பாதரச பேட்டரி தீர்ந்துபோகும் கடைசி நாள்வரை ஒரே மின்னழுத்தத்தைத் தரும். அதனால்தான் மீட்டருக்குள் அழுத்தத்தைச் சீராக்கும் சுற்று தேவைப்படவில்லை. இன்று அவை விற்பனையில் இல்லை. அதே அளவுள்ள ஆல்கலைன் பேட்டரியைப் போட்டால் 1.5 வோல்ட்டில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கும். பிழையும் கூடவே நகரும். துத்தநாக-காற்று பேட்டரி ஏறத்தாழச் சரியான அழுத்தம் தரும், ஆனால் ஒட்டுத்தாளை உரித்த சில மாதங்களில் உலர்ந்துவிடும். சில்வர் ஆக்ஸைடு பேட்டரியும் அழுத்தத்தைக் குறைக்கும் டயோடு வைத்த அடாப்டரும் நல்ல தீர்வு. அடாப்டர் விலையை மீட்டர் விலையோடு கூட்டிப் பாருங்கள், மலிவு மறைந்துபோவது தெரியும். காட்மியம் சல்பைடுக்கு இன்னொரு குணம் உண்டு. வெயிலைப் பார்த்த பிறகு நிழலைக் காட்டினால் சற்று நேரம் வெயிலின் நினைவிலேயே இருக்கும். நிழலையும் வெளிச்சத்தையும் மாற்றி மாற்றி அளப்பதே வேலையாக உள்ள கருவியில் இது பெரும் குறை. சிலிக்கான் செல் உள்ள மீட்டரையே தேடுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய முதல் ஸ்பாட் மீட்டர் இந்தப் பாடத்தைக் கற்பித்தது. எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமல்ல. வாங்கிய அன்று வெயிலில் சுவரை அளந்து, நண்பரின் மீட்டரோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே சொல்கின்றன என்று மகிழ்ந்தேன். பிறகு விடியற்காலையில் குளக்கரையில் இரண்டு சுருள் ஸ்லைடு எடுத்தேன். ஒளிப்பெட்டியில் வைத்தபோது அத்தனையும் இருண்டு, நீரும் படிக்கட்டும் ஒரே கருநீலமாக இருந்தன. வெயிலில் சரியாக இருந்த மீட்டர், ஈ.வி. 5-க்குக் கீழே இறங்கியதும் உள்ளதைவிட ஒன்றரை ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் இருப்பதாகச் சொல்லிவந்திருக்கிறது. ஒரே ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போவது சோதனையே ஆகாது.

ஆகவே வாங்கிய அன்றே, திருப்பி அனுப்ப வாய்ப்பு இருக்கும்போதே, சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். பேட்டரி அறையைத் திறந்து பச்சை அல்லது வெண்ணிறப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். முள் மீட்டரானால் வெளிச்சத்தை மெல்ல மாற்றும்போது முள் எங்கும் சிக்காமல் நகர வேண்டும். அடுத்து, சீரான வெளிச்சமுள்ள சுவரை அளந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்.டி. ஃபில்டரை மீட்டரின் முன் பிடியுங்கள். எண் மூன்று இறங்க வேண்டும். இதையே வெயிலிலும், அறைக்குள்ளும், அந்திக்குப் பிறகும் செய்யுங்கள். ஓரிடத்தில் மூன்றும் இன்னோரிடத்தில் இரண்டும் இறங்கினால் அந்த மீட்டர் வேண்டாம்.

வட்டம் இருக்கும் இடத்தில்தான் மீட்டர் அளக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கீழே விழுந்த மீட்டர்களில் இது விலகியிருக்கும். இருட்டறையின் மறுமுனையில் சிறு விளக்கு ஒன்றை ஏற்றிவைத்து, வட்டத்தை இடமிருந்து வலமாக அதன் மேல் நகர்த்துங்கள். விளக்கு வட்டத்துக்குள் நுழையும் கணத்தில் முள் துள்ள வேண்டும், வெளியேறும் கணத்தில் விழ வேண்டும். மேலிருந்து கீழாகவும் ஒருமுறை. கடைசியாக ஒளிச்சிதறல்: ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கை அளவு கறுப்புத் துணியை ஒட்டி, பின்னால் வெளிர் வானம் இருக்க, அறையின் மறுமுனையிலிருந்து துணியை அளங்கள், பிறகு மீட்டரின் முன் கறுப்புக் காகிதக் குழல் ஒன்றைப் பிடித்து அங்கிருந்தே மீண்டும் அளங்கள். குழல் இல்லாமல் எண் அரை ஸ்டாப்புக்கு மேல் கூடினால் லென்ஸில் மூடுபனியோ பூஞ்சையோ இருக்கலாம். சுத்தம் செய்ய முடியாவிட்டால், அந்தக் குழலையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவு பிழை இருந்தால் அது பிழையே அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் முக்கால் ஸ்டாப் குறைத்துக் காட்டும் மீட்டரில் ஐ.எஸ்.ஓ. எண்ணை அதற்கேற்ப மாற்றினால் கணக்குத் தீர்ந்தது. புதிய மீட்டர்களே தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை: எவ்வளவு பிரகாசத்தை நடுச் சாம்பலாகக் கொள்வது என்பதை நிர்ணயிக்கும் அளவுத்திருத்த மாறிலியைச் செகானிக் 12.5 என்றும், பென்டாக்ஸும் மினோல்டாவும் 14 என்றும் வைத்தன. இதனால் மட்டுமே ஆறில் ஒரு ஸ்டாப் வேறுபடும். இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். உங்கள் ஷட்டரின் பிழை இதைவிடப் பெரிது.

கேள்வி கேட்டவருக்கு என் பரிந்துரை இவ்வாறு அமையும். டிஜிட்டல் கேமராவும் நீண்ட லென்ஸும் இருந்தால் அடுத்த சில சுருள்களை அதை வைத்தே அளந்து எடுங்கள். பிறகு வாங்குவதானால் பென்டாக்ஸ் ஸ்பாட்மீட்டர் 5-ஐத் தேடுங்கள். உடலில் கீறல் இருப்பதும் உறை தொலைந்திருப்பதும் விலையைக் குறைக்கும் நல்ல செய்திகள். அது கிடைக்காதபோது சோலிகரும், ஃபிளாஷ் வேண்டுமானால் திரை தெளிவாக உள்ள மினோல்டாவும், குமிழும் ஸ்பாட்டும் சேர்ந்து வேண்டுமானால் செகானிக் எல்-508-உம். பாதரச பேட்டரி கேட்கும் எதுவும் இனாமாக வந்தால் மட்டும். மீட்டர் வந்த பிறகு முதல் சுருளில், ஒரே நிழலை இரண்டாம், மூன்றாம், நான்காம் ஸோன்களில் வைத்து மூன்று படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் மீட்டர் காட்டிய எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உங்கள் மீட்டருக்கு எந்த ஐ.எஸ்.ஓ. எண்ணை வைக்க வேண்டும் என்பது அந்த மூன்று சட்டகங்களிலேயே தெரிந்துவிடும்.